தரை நிர்ணயக் குழு

மனித குலம் நாலு காலை விட்டு இரண்டு காலில் எழுந்து நின்ற நாள் முதலாக அதன் முன்னால் இருக்கும் ஒரே பெரிய கேள்வி, எதன் மேல் நிற்பது என்பதுதான். ஞானிகள் வானத்தைப் பார்த்தார்கள். மாலுமிகள் கடலைப் பார்த்தார்கள். குனிந்து தரையைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவென்றே ஷ்ராப்ஷயர் மலைச்சரிவில், என் வீட்டுக்கு அடுத்த மனையில், லயனல் ப்ரீஸ் அவர்கள் வீடு கட்ட வந்தார். 'கட்ட' என்றா சொன்னேன்? கட்டுவது கொத்தனார் வேலை. அவர் வந்தது தரையைத் தேர்ந்தெடுக்க.

லயனல் மாவட்டச் சாலைத் துறையில் துணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் சாலையில் ஒரு குழி விழுந்தால், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அநாகரிகமெல்லாம் கிடையாது. குழியின் நீளம், அகலம், ஆழம், அதன் கடந்த காலம், அதற்கு மேற்கொண்டு என்ன உத்தேசம் என்று எல்லாவற்றையும் ஆராய்வார்கள். ஆராய்ச்சி முடிந்து ஆள் போய்ச் சேரும்போது குழி குளமாகி அதில் வாத்து குடியேறியிருக்கும். வாத்துகளைக் காலி செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். குழிக்கே இவ்வளவு நிதானம் காட்டியவர், சொந்தத் தரைக்கு எவ்வளவு காட்டுவார் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பண்ணின கல்யாணத்தை ஒரு கேரவனுக்குள், அதாவது சக்கரம் வைத்த தகர வீட்டுக்குள், வைத்துக்கொண்டு பக்கத்தில் வீட்டைக் கட்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் சொந்தமாக வீடு கட்டுகிறவர்களின் முறை அதுதான். இருந்த வீட்டை விற்பார்கள். மனை ஓரத்தில் ஒரு பழைய கேரவனைக் கொண்டுவந்து நிறுத்தி அதில் குடியேறுவார்கள். "சும்மா கொஞ்ச நாள்தான், கிறிஸ்துமஸுக்குள்ள உள்ள போயிடுவோம்" என்பார்கள். எந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் என்று கேட்பது பண்பல்ல.

லயனலும் அவர் மனைவி வெரிட்டியும் அப்படித்தான் வந்தார்கள். வெரிட்டி மாவட்ட ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த தாதி. அவரும் ஓய்வு பெற்றவர். முதல் குளிர்காலத்தில் சுவர் எழும்பியது. அடுத்த குளிர்காலத்துக்குள் கூரை, கதவு, ஜன்னல், தண்ணீர், மின்சாரம் எல்லாம் வந்துவிட்டன. தரைக்கடியில் நெளிநெளியாகக் குழாய் பதித்து, அதில் வெந்நீர் ஓடவிட்டு, மேலே சிமெண்டும் பூசியாகிவிட்டது. பொத்தானை அமுக்கினால் வீடு முழுவதும் தரையிலிருந்து கதகதப்பு எழும்பி வரும். இனி அந்தச் சிமெண்டின் மேல் 'ஏதாவது ஒன்றை' விரித்தால் குடியேறிவிடலாம். அந்த இரண்டு வார்த்தைகளைத் தாண்டுவதற்குத்தான் லயனல் ஒரு குழு அமைத்தார்.

'தரை நிர்ணயக் குழு'வின் முதல் கூட்டம் கேரவனில் நடந்தது. தலைவர் லயனல். செயலாளர் நான். ஊர்ச் சமூகக்கூடத்துக்குப் பல காலம் செயலாளராக இருந்தவன் என்பதால், எட்வின் என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் ஊரில் கையில் பேனாவைக் கொடுத்துவிடுவார்கள். தரை பதிக்கும் கோலின் 'தொழில்நுட்ப ஆலோசகர்'. அவர் பிஸ்கட்டுக்காக வந்தார் என்பது அவதூறு, டீக்காகவும்தான் வந்தார். வெரிட்டிக்குப் பதவி ஒதுக்கப்படவில்லை. அவர்தான் டீ போட்டார்.

வெரிட்டி கெட்டிலை இறக்கி வைத்துவிட்டுத் தன் கருத்தைச் சொன்னார். தனக்கு ஓக் மரமும் வேண்டாம், ஸ்லேட் கல்லும் வேண்டாம், காலையில் எழுந்து கட்டிலிலிருந்து காலை இறக்கினால் மெத்தென்று, சூடாக, ஒரு கார்ப்பெட் இருந்தால் போதும் என்றார். ஆறு நொடியில் சொல்லி முடித்துவிட்டதால் அதை யாரும் கருத்து என்றே எடுத்துக்கொள்ளவில்லை.

லயனல் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பவருக்குப் புள்ளிவிவரம் வரப்போகிறது என்று அர்த்தம். போர்வை எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதை அளக்க இந்த நாட்டில் 'டாக்' என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு கார்ப்பெட்டுக்கும் பொருந்தும். சூடு தரையிலிருந்து மேலே வரவேண்டுமானால் கார்ப்பெட்டும் அதன் அடிவிரிப்பும் சேர்ந்து இரண்டரை டாக்குக்கு மேல் போகக்கூடாது என்பது நூல் வழக்கு.

"ரெண்டரைக்கு மேல போனா தரைக்கு மூச்சு முட்டும், கண்ணு" என்றார்.

"நான் ராத்திரி ரெண்டு பஞ்சுப் போர்வைக்குள்ள படுக்கறேன், லயனல். ரெண்டும் சேந்து இருபத்தேழு டாக். அதுக்கு மேல உன்னோட பழைய கோட்டு. எனக்கு மூச்சு முட்டலியே, இன்னும் குளிருதே."

"அது வேற டாக்" என்றார் தலைவர்.

கார்ப்பெட் விஷயம் 'குறித்துக்கொள்ளப்பட்டது'. சபை மரபு அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குறித்துக்கொள்ளப்பட்ட விஷயத்தை அதற்குப்பின் உயிரோடு யாரும் பார்த்ததில்லை.

பிறகு மாதிரிகள் வர ஆரம்பித்தன. கேட்டால் இனாமாக ஒரு துண்டு அனுப்புகிற கம்பெனிகள் இந்த நாட்டில் எத்தனை உண்டோ அத்தனைக்கும் லயனல் எழுதிப்போட்டார். ஓக், ஸ்லேட், சுண்ணாம்புக்கல், டைல்ஸ், கார்க், வினைல், லினோலியம், மூங்கில் என்று தபால் வண்டி தினமும் மேடேறி வந்தது. தபால்காரி மோய்ரா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காதல் கடிதம் கொண்டு வந்தேன், இப்போது பாறாங்கல் கொண்டு வருகிறேன், உத்தியோக உயர்வு என்றால் இதுதான் என்பாள்.

ஒவ்வொரு மாதிரியையும் புது வீட்டின் சூடான சிமெண்டின் மேல் வைத்து 'வெறுங்கால் பரிசோதனை' நடத்தப்பட்டது. லயனல் கண்ணைக் கட்டிக்கொண்டு, பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் நின்று, தன் பாதம் என்ன உணர்கிறது என்று சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். "இடது குதிகாலில் ஒருவித நம்பிக்கை" என்று எழுதியிருக்கிறேன். "கட்டைவிரலுக்கு உடன்பாடு இல்லை" என்றும் எழுதியிருக்கிறேன். வாசலில் ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்த வெரிட்டி, தானும் ஒரு தடவை நின்று பார்க்கட்டுமா என்று கேட்டார். கேரவனிலிருந்து நேராக வருகிற பாதம் ஏற்கெனவே குளிர்ந்து போயிருக்கும், அதற்கு எதன்மேல் நின்றாலும் சுகமாகத்தான் இருக்கும், ஆகவே அது நடுநிலையான பாதம் அல்ல என்று தலைவர் தீர்ப்பளித்தார். இவ்வளவு கறாரான நேர்மையை நான் நீதிமன்றத்திலும் பார்த்ததில்லை.

நேர்மை இருக்கிற இடத்தில் முடிவு இருக்காது. ஸ்லேட் கறுப்பாக இருந்ததால் துக்க வீடு மாதிரி இருக்கும் என்று தள்ளப்பட்டது. கார்க் மதுக்குப்பியை நினைவூட்டியது. பாதிரியார் வந்து போகிற வீட்டில் அது சரிப்படாது. வினைல் மரம்போல் நடிக்கிறது, தன் கூரைக்குக் கீழே நடிப்புக்கு இடமில்லை என்றார். லினோலியம் ஆஸ்பத்திரி வாசனை. டைல்ஸுக்குக் கோடுகள் அதிகம். சிமெண்டையே பாலிஷ் போட்டு விட்டுவிடலாமே என்று கோலின் சொன்னபோது லயனல் முகம் வாடிவிட்டது. ஆயுள் முழுக்கச் சாலையில் இருந்தவனைச் சாகும்வரை சாலையிலேயே படுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். கோலின் பிஸ்கட்டை டீயில் நனைத்து அந்த யோசனையை வாபஸ் வாங்கினார்.

வெறும் சிமெண்டின் மேலேயே குடியேறிவிட்டு ஆற அமரத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று வெரிட்டி ஒரு நாள் கேட்டார். முடிவு பெறாத தரையில் குடியேறுவது முடிவு பெறாத பாலத்தில் பஸ் விடுவதற்குச் சமம் என்று பதில் வந்தது. பஸ் கேரவனிலேயே நின்றது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பண்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் குளிருகிறது என்று சொல்லமாட்டோம். கேட்பவருக்கு அது சங்கடம். வாளித் தண்ணீர் உறைந்தால் "கொஞ்சம் சிலுசிலுன்னு இருக்கு" என்போம். பல் துலக்கும் பிரஷ் குவளையோடு ஒட்டிக்கொண்டால் "நல்ல காத்தோட்டம்" என்போம். அதற்கும் மேலே போனால் பேச்சை மாற்றி ஆட்டைப் பற்றிப் பேசுவோம். வெரிட்டி இந்தப் பண்பாட்டில் ஊறியவர். கேரவன் சுவரில் தண்ணீர் வழிந்து, தலையணை ஈரமாகி, காலையில் ஜன்னலின் உள்பக்கப் பனியைக் கரண்டியால் சுரண்டிவிட்டுத்தான் வெளியே பார்க்க முடியும் என்ற நிலைமையிலும், கேட்டால் "பரவால்ல, ஓடுது" என்பார்.

லயனலோ அறிவியல்வாதி. கேரவனில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருந்தார். அது அடுப்புக்கு மேலே, கெட்டிலின் மூக்குக்கு நேராகத் தொங்கியது. கெட்டில் கொதிக்கும்போது போய்ப் பார்த்துவிட்டு "போதுமானது" என்று அறிவிப்பார். எரிவாயுக் கணப்பை மாலையில் சற்று நேரம் ஏற்றுவார். ரொம்ப எரித்தால் உடம்பு சொகுசுக்குப் பழகிவிடும் என்பது அவர் கொள்கை. "கேரவன்ல குளிரே கிடையாது, எட்வின். அது அவ மனசுல இருக்கற குளிரு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மனசின் வெப்பநிலையைக்கூட அளக்கத் தெரிந்த மனிதர் என்று நான் வியந்திருக்கிறேன்.

வெரிட்டி என் வீட்டுக்குக் கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வருவார். என் வீட்டுத் தரையை லயனல் ஒரு தடவை பார்த்துவிட்டு, "தரைன்னு சொல்லலாம்" என்றிருக்கிறார். ஆனால் அதன் மேல் ஒரு நிலக்கரி அடுப்பு உண்டு. வெரிட்டி அதற்கு முன்னால் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொள்வார். போகும்போது அதைக் கொடுக்க மறந்து, மறுநாள் திரும்பக் கொண்டு வருவார். அந்த டப்பா என்னுடையதே அல்ல என்று நான் சொல்லவில்லை; எங்கள் பண்பாடு அதற்கும் இடம் கொடுக்காது.

மூன்றாவது குளிர்காலம் தொடங்கி முதல் உறைபனி விழுந்த அன்று வெரிட்டி பூட்ஸைக் கழற்றி, இரண்டு ஜோடி காலுறையையும் கழற்றினார். கால் விரலெல்லாம் சிவந்து வீங்கிப் பனிவெடிப்பு கண்டிருந்தது.

"எத்தன கொழந்தைகள எறக்கியிருப்பேன், எட்வின். வெளிய வந்த ஒடனே முதல் வேலை என்ன தெரியுமா? சூடா ஒரு துணியில சுத்தணும். பேரு, எடை, அப்பன் யாரு, எல்லாம் அப்பறம். இந்த மனுஷன் பேரு வெக்கறதுலயே நிக்கறாரு."

நான் அடுப்பில் இன்னும் இரண்டு கரி போட்டேன்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் அந்த வீட்டுக்குள்ள இருக்கணும். இல்லன்னா டெவன்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வருவேனான்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல. அவர்கிட்ட இத எப்படிச் சொல்றதுன்னும் தெரியல. சொன்னா அத ஒரு மாதிரித் துண்டா எடுத்து அலமாரியில வெச்சிடுவாரு."

முப்பத்தைந்து வருட தாம்பத்தியம், ஒரு பலகை தேர்ந்தெடுக்காததால் ரயிலேறப் போகிறது. நான் அதை அடுத்த கூட்டத்தில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் கொண்டு வந்தேன். லயனல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அவருக்கு வெரிட்டி மேல் பிரியம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அன்றைக்கு அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எழுந்து நின்று, ஓக் பலகை என்று ஒரே மூச்சில் அறிவித்தார். குழு கைதட்டியது. கோலின் இருந்த பிஸ்கட் அத்தனையையும் முடித்தார். வெரிட்டி கணவரின் வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் கொடுத்தார். பலகை டிசம்பர் தொடக்கத்தில் வந்துவிடும், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே தரை தயார் என்று கணக்குப் போட்டோம்.

பலகை வந்தது. பொட்டலம் பொட்டலமாக, நாலு ஆள் சுமந்து வந்து இறக்கினார்கள். கோலின் ஒரு சின்ன விஷயம் சொன்னார். சூடான தரையில் மரத்தை வந்த கையோடு பதித்துவிடக்கூடாது. மரம் ஈரத்தை வாங்கும், விடும்; உப்பும், சுருங்கும். அதனால் முதலில் சூடு போட்ட வீட்டுக்குள் அதை ஒரு பத்துப் பன்னிரண்டு நாள் சும்மா கிடத்தி, அந்த வீட்டுக் காற்றுக்குப் 'பழக்க'வேண்டும். அதற்குப் பிறகு பதித்தால் பிசகாது.

அன்று முதல் அந்த வீட்டில் ஓக் பலகை குடியேறியது. படுக்கையறையில் ஒரு வரிசை, கூடத்தில் இரண்டு வரிசை. பக்கத்துக்குப் பக்கம் காற்றுப் படும்படி அடியில் கட்டை கொடுத்து, மரியாதையாகப் படுக்கவைத்தார்கள். தரைச் சூடு இரவும் பகலும் இருபது டிகிரி. லயனல் காலையும் மாலையும் போய் ஈரம் அளக்கும் கருவியைப் பலகையில் குத்தி, நாடி பார்க்கிற வைத்தியர்போல் தலையை ஆட்டுவார். 'மேற்பார்வை' என்று சொல்லி இரண்டு மூன்று மணி நேரம் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போது கன்னம் ஆப்பிள் மாதிரி இருக்கும். இந்தப்பக்கம் கேரவனில் வெரிட்டியின் மூக்கும் சிவப்பாகத்தான் இருந்தது, காரணம்தான் வேறு.

பத்து நாள் ஆயிற்று. கோலின் பதிக்கலாம் என்றார். லயனல் கருவியைப் பார்த்தார். அரைப் புள்ளி அதிகம் காட்டியது. அரைப் புள்ளி தவறினால் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டுவிடும், எதற்கும் இன்னொரு வாரம் இருக்கட்டும் என்றார். இன்னொரு வாரம் போனால் கோலின் கிறிஸ்துமஸ் விடுமுறை. மனைவி மக்களோடு ஸ்காட்லாந்து போகிறார். புத்தாண்டு கழிந்துதான் வருவார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். அது ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது வெரிட்டி மிகவும் பணிவாக ஒரு யோசனை சொன்னார். பலகை அது பாட்டுக்குப் பழகட்டும், ஓரமாக ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு நாமும் பழகலாமே என்றார்.

"அது முடியாது, கண்ணு. மனுஷங்க இருந்தா மூச்சு விடுவாங்க. மூச்சுல ஈரம் இருக்கு. துணி காயப்போடுவோம், கெட்டில் போடுவோம். ஈரம் ஏறினா அத்தனையும் பாழ்."

"நான் மூச்சு விடாம இருந்துக்கறேன், லயனல்."

"சிரிக்கற விஷயமில்ல. அந்த மரத்துக்கு வயசு நூத்திருவது."

"எனக்கு அறுபத்தி ரெண்டுதான். அதனால குளிர் தாங்குவேங்கற?"

"கேரவன்ல என்ன கொறச்சல்? இப்பதான் பாத்தேன், பத்தொம்பது டிகிரி."

கேரவனில் கெட்டில் அப்போதுதான் கொதித்து இறங்கியிருந்தது. வெரிட்டி மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. ஆட்டைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு லயனல் காரை எடுத்துக்கொண்டு பர்மிங்ஹாம் போனார். ஓக் தரைக்கு எண்ணெய் பூசுவதா, மெழுகு பூசுவதா என்று அங்கே ஒரு நிபுணர் இரண்டு நாள் உரையாற்றுகிறாராம். பதிக்காத தரைக்கு மெருகு யோசிக்கிற அந்தத் தொலைநோக்கைக் கண்டு எனக்குப் புல்லரித்தது. கார் வளைவு திரும்பி மறைந்ததும் வெரிட்டி என் கதவைத் தட்டினார். கையில் கேக் டப்பா இல்லை.

டெவனுக்கு ரயிலா என்று கேட்டேன்.

"மொதல்ல அப்படித்தான் பெட்டிய எடுத்தேன். பாதி மடிச்சதும் தோணிச்சு. அந்த வீட்டுக்கு நானும்தான் செங்கல் தூக்கினேன். போகவேண்டியது நான் இல்ல. உங்க தள்ளுவண்டி இருக்கா?"

இருந்தது. தபாலோடு வந்த மோய்ராவும் விஷயத்தைக் கேட்டுவிட்டு வண்டியை ஓரங்கட்டினாள். அவள் அந்த மரத்துக்கு முன்னால் வந்த மாதிரிக் கற்களையெல்லாம் சுமந்தவள். அவளுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. மூவருமாகப் பொட்டலம் பொட்டலமாக ஓக் பலகையைப் புது வீட்டிலிருந்து கேரவனுக்குக் கொண்டு சேர்த்தோம். மழை தூறியதால் வெரிட்டி தன் மழைக்கோட்டைக் கழற்றி அவற்றின்மேல் போர்த்தினார். இரண்டு கட்டில் மேலும் வைத்தோம், மேசை மேலும் வைத்தோம்.

"அந்த நீளமானத என் கட்டில்ல வெய்யுங்க, எட்வின். ஜன்னலோரமா. நல்ல காத்தோட்டமா இருக்கும்" என்றார் வெரிட்டி.

மெத்தையையும் ஒரு விளக்கையும் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்குள் வந்தோம். வெறும் சிமெண்டு, சாம்பல் நிறம், மூலையில் மரத்தூள். வெரிட்டி பூட்ஸைக் கழற்றினார். காலுறைகளை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டார். வெறுங்காலைத் தரையில் வைத்தார். ஒரு காலை வைத்து, சற்று நேரம் கழித்து, இன்னொன்றையும் வைத்தார். அப்படியே நின்றார். பிறகு அழுதார். மூன்று வருடமாகச் 'சிலுசிலு' என்று சொல்லி அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. நானும் மோய்ராவும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மழை எப்போது விடும் என்று பேசினோம். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை.

லயனல் மறுநாள் மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து சேர்ந்தார். எண்ணெய் என்று முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். முகம் பளபளவென்று இருந்தது. நேராகப் புது வீட்டுக்குத்தான் வந்தார். நான் அப்போது சிமெண்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து வெரிட்டி கொடுத்த கேக்கைத் தின்றுகொண்டிருந்தேன். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. கயிற்றில் காலுறைகள் காய்ந்தன. எல்லாரும் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

அவர் வெரிட்டியைப் பார்க்கவில்லை. வெறுந்தரையைப் பார்த்தார்.

"பலகை எங்க?"

"கேரவன்ல. பழகிட்டிருக்கு" என்றார் வெரிட்டி.

லயனல் ஓடினார். அறுபத்தேழு வயதில், சேற்றில், கோப்பு இல்லாமல், ஆராய்ச்சி இல்லாமல், குழு கூட்டாமல் ஓடினார். அந்த மனிதரால் ஓட முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாங்கள் வாசல்வரை போனோம். கேரவன் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அவர் செய்வதெல்லாம் தெரிந்தது.

கெட்டிலுக்கு மேலே தொங்கிய தெர்மாமீட்டரைப் பிடுங்கினார். அதைக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். வெரிட்டியின் தலையணை இருந்த இடத்தில், பலகையை ஒட்டி வைத்து, குனிந்து பார்த்தார்.

"வெரிட்டி, என்ன காரியம் பண்ணிட்ட? நாலு டிகிரி! செவுத்துல தண்ணி வழியுது. ஜன்னல்ல உள்பக்கமா பனி. இங்க ஒரு ராத்திரி கெடந்தா என்னத்துக்கு ஆகும்? இதுல எப்படி மனசு வந்து கொண்டுவந்து போட்ட?"

கணப்பை முழுசாக ஏற்றினார். இரண்டு பஞ்சுப் போர்வையையும் உதறிப் பலகைகளின் மேல் போர்த்தி ஓரங்களைச் செருகினார். போதவில்லை. தன் கோட்டைக் கழற்றி, ஜன்னலோரம் இருந்த நீளமான பொட்டலத்தின் மேல் போர்த்தினார். பிறகு சட்டையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் அதைத் தேய்த்துக்கொடுக்க ஆரம்பித்தார். மனிதகுலத்தில் இவ்வளவு அக்கறையானவரை நான் கண்டதில்லை.

வெரிட்டி வாசற்படியில் வெறுங்காலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பிரசவ அறையில் கடைசியாகக் குழந்தையின் தலை தெரியும்போது தாதிகள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். அப்புறம் கதவைச் சாத்தினார்.

"அவருக்குக் குளிரே ஒறைக்காது, மரத்த ஒடம்புன்னு மூணு வருஷமா நெனச்சிட்டிருந்தேன், எட்வின்" என்றார். "தெரிஞ்சேதான் இருந்திருக்கு."